பழைய கணினியும் புதிய நினைவகமும்

உடல் சோர்ந்த ஒருவன் மருத்துவரை நாடிச் செல்கிறான். மருத்துவர் அவனுடைய நாடியைப் பார்க்கிறார். உணவையும் உறக்கத்தையும் பற்றி வினவுகிறார். அதன் பின்னரே மருந்து தருகிறார். ஆராயாது தரும் மருந்தால் பொருள் செலவாகும், நோய் தீராது. மனிதர் ஆக்கிய கருவிகளுக்கும் இம்முறை பொருந்தும்.

வாங்கிய புதிதில் விரைந்து இயங்கும் கணினி, ஆண்டுகள் பல கழிந்தபின் சோர்வுறுகிறது. விசையை அழுத்தியபின் அது விழித்தெழ நெடுநேரம் ஆகிறது. ஒரு பக்கத்தைத் திறப்பதற்கும் காத்திருக்க நேர்கிறது. அந்நிலையில் பலரும் கூறும் அறிவுரை, 'நினைவகத்தைக் கூட்டுக' என்பதாகும். அவ்வறிவுரை எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதை ஆராய்வோம்.

கணினியில் செய்திகளை வைத்தற்கு இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று வட்டு, மற்றொன்று 'ராம்' என வழங்கும் நினைவகம். வட்டு, மின்சாரம் நின்றாலும் தன்னிடம் உள்ளதை இழப்பதில்லை. ஆயினும் விரைவிற் குறைந்தது. நினைவகமோ மிக விரைவானது. ஆனால், மின்சாரம் நின்றதும் அனைத்தையும் மறந்துவிடும். இன்று கணினிகளில் வழங்கும் நினைவகத்தின் மூல அமைப்பை 1966-ஆம் ஆண்டில் இராபர்ட் டென்னார்டு என்னும் அமெரிக்கப் பொறியாளர் கண்டறிந்தார். அதில் மிக நுண்ணிய மின்தேக்கிகள் சிறு மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கும். அம்மின்னூட்டம் கசிந்து போகும் இயல்புடையது. ஆதலின் ஒரு நொடிக்குள் பன்முறை புதுப்பிக்கப்படுகிறது. மின்சாரம் நின்றதும் மறதி உண்டாவது இதனாலேயாம்.

நூல்நிலையத்தில் அமர்ந்து படிக்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அலமாரி வட்டினைப் போன்றது. அவன் முன் உள்ள மேசை நினைவகத்தைப் போன்றது. மேசை சிறிதாயின், ஒரு நூலை எடுத்துவர மற்றொரு நூலை அலமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். படிக்கும் நேரத்தினும் நடக்கும் நேரமே மிகுதியாகும். கணினியின் நிலையும் இத்தகையதே. நினைவகம் நிரம்பியவுடன் அது ஒரு பகுதியை வட்டுக்கு அனுப்பும். தேவைப்படும்போது மீண்டும் அழைக்கும். சுழலும் வன்தட்டில் ஒரு செய்தியைத் தேடி எடுக்க ஏறத்தாழ நொடியின் நூற்றில் ஒரு பங்கு ஆகும். நினைவகத்திலிருந்து எடுக்கவோ ஏறத்தாழ நொடியின் கோடியில் ஒரு பங்கே போதும். இரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஓரிலட்சம் மடங்காகும்! இவ்வாறு ஓயாது மாற்றி மாற்றி எடுப்பதிலேயே கணினி தன் காலத்தைப் போக்கும் நிலையைப் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் 1968-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து விளக்கினார்.

ஆயினும், மேசையிற் பாதி வெறுமையாய்க் கிடக்கும்போது, பெரிய மேசை வாங்கிக் கொடுப்பதனால் படிப்பு விரையுமோ? விரையாது. இவ்வுண்மையை மறவாதிருத்தல் வேண்டும்.

ஓர் ஊரில் இரண்டு வீடுகள் உள்ளன என்று கொள்வோம். இரண்டிலும் 2012-ஆம் ஆண்டில் வாங்கிய கணினிகள். இரண்டிலும் 4 ஜிகாபைட் நினைவகமும் சுழலும் வன்தட்டும் உள்ளன. இரண்டும் சோர்ந்து இயங்குகின்றன.

முதல் வீடு தையற்காரர் ஒருவருடையது. கல்லூரியில் பயிலும் அவருடைய மகள், "அப்பா, நினைவகம் வாங்கினால் குறை தீர்ந்துவிடும்" என்றாள். கல்விக் கட்டணத்துக்கென ஒதுக்கிய தொகையை எடுத்தாலன்றி அப்போது எதுவும் வாங்க இயலாது. தந்தை, "தீரும் என்பதை எதனால் அறிந்தாய், அம்மா?" என வினவினார். மகளிடம் விடை இல்லை. பின்னர் அவள், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினாள். விண்டோஸ் இயங்குதளத்தில் அவ்வாறு அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பகுதி திறக்கும். எவ்வுறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை அது காட்டும். நாள்தோறும் செய்யும் கட்டுரை வேலையை அவள் செய்தவாறே நோக்கினாள். நினைவகத்தில் பாதியளவே நிரம்பியிருந்தது. வன்தட்டோ நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருந்தது. குறை வட்டில் இருந்தது. தேவையற்ற நிரல்கள் தாமே தொடங்காதவாறு நிறுத்தியதும் ஓரளவு விரைவு வந்தது. கட்டணப் பணம் கட்டணத்துக்கே சென்றது. சில திங்கள் கழித்துச் சிறுகச் சேர்த்த பொருளால், வன்தட்டிற்கு மாற்றாகச் சுழற்சியில்லாத 'எஸ்.எஸ்.டி.' வட்டினை வாங்கிப் பொருத்தினர், சோர்வு நீங்கியது.

இரண்டாம் வீட்டினர் நிழற்படம் திருத்தும் தொழிலினர். அங்கு நோக்கியபோது நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிரம்பியிருந்தது. படங்கள் சிலவற்றை மூடியதும் விரைவு மீண்டது. திறந்ததும் சோர்வு திரும்பியது. அவர்கட்கு நினைவகமே மருந்து. நோய்க்குறி ஒன்றாயினும் நோய் வேறு. ஆதலின் மருந்தும் வேறாயிற்று.

நினைவகமே வேண்டும் எனத் தெளிந்த பின்னரும் ஆராய வேண்டுவன சில உண்டு. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என நினைவகங்கள் பலவகைப்படும். அவற்றின் அடிப்பகுதியில் உள்ள வெட்டு வெவ்வேறிடத்தில் அமைந்திருத்தலின், ஒன்றற்குரிய இடத்தில் மற்றொன்று பொருந்தாது. காலியிடம் உண்டா என்றும், மதர்போர்டு எவ்வளவு நினைவகத்தை ஏற்கும் என்றும் காணுதல் வேண்டும். 32 பிட் விண்டோஸாயின், வீட்டுக் கணினிக்குரிய பதிப்புகள் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்கொள்ளமாட்டா.

கருவியின் வயதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றது. 2012-ஆம் ஆண்டுக் கணினிகளின் செயலிகள் விண்டோஸ் 11-க்கு உரியனவாக ஏற்கப்பட்டவையல்ல. நினைவகத்தைக் கூட்டினாலும் இக்குறை தீராது. லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை மேற்கொண்டு பழங்கருவியைப் பயன்படுத்தலாம். அது தம் தொழிலுக்கு ஒவ்வாதாயின், பழையதற்குச் செலவிடும் பொருளைப் புதியதற்கெனச் சேர்த்து வைத்தலே தக்கது.

பழையது என்பதற்காக ஒன்றை எறிந்துவிடுதலும் அறிவன்று. பழகியது என்பதற்காக அதன்மீது பொருளைச் சொரிதலும் அறிவன்று. முதலில் அளந்து காணுதல் வேண்டும்; பின்னர்க் குறையின் காரணத்தைத் துணிதல் வேண்டும்; அதன் பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும். தந்தை கேட்ட ஒரு வினா அக்குடும்பத்தின் கல்விப் பொருளைக் காத்தது. 'எதனால் அறிந்தாய்?' என்னும் அவ்வினாவை மாணவர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுப் பழகுதல் நன்று.