பழைய துப்பாக்கிகளில் குறிமணி மாற்றுதல்

ரவைத் துப்பாக்கியின் குழல்வாய்க்கு அருகில், மேற்புறத்தில், மிளகளவில் ஒரு சிறு மணி இருப்பதை அதனைக் கையாண்டோர் யாவரும் அறிவர். முன்குறி எனப்படுவது இதுவே. பாட்டனார் காலத்துப் பர்மிங்ஹாம் இரட்டைக் குழல் துப்பாக்கியாயினும், 1912-ஆம் வருஷத்தில் வெளிவந்த அமெரிக்க வின்செஸ்டர் பன்னிரண்டாம் மாதிரியாயினும், எளிதில் உதிர்ந்து காணாமற்போகிற உறுப்பு இம்மணிதான். உறையில் உரசியும் வண்டியில் இடிபட்டும் அது தளர்ந்து விழுந்துவிடுகிறது. மணிதானே என்று எண்ணி ஊர்க் கொல்லனிடம் கொடுத்து ஓர் ஆணியை இறுக்கிக்கொள்ள நினைப்பது இயல்பு. ஆனால் அதனால் குழலும் கெடலாம். லைசென்ஸுக்கும் ஆபத்து நேரலாம்.

1878-ஆம் வருஷத்துச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 1962 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. இதன்படி துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலை லைசென்ஸ் பெற்றவரே நடத்தலாம். ஆகையால் இங்கே கூறப்படுவன அங்கத்தினர் தம் வீட்டிலேயே பட்டறை வைத்துக்கொள்வதற்காக அல்ல. தொழிலாளியிடம் கொடுக்கும்போது கேட்க வேண்டியதையும், திரும்ப வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் தெரிந்துகொள்வதற்காகவே.

எடுத்துச் செல்லுமுன் துப்பாக்கியில் மருந்தில்லை என்பதை நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். தோட்டாத் துப்பாக்கியைத் திறந்து, பின்வாயிலிருந்து குழல் வழியே வெளிச்சத்தைப் பார்த்தால் போதும். வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் அவ்வாறு பார்க்க இயலாது. அதில் தொப்பியை அகற்றிவிட்டு, குழல்வாய்க்கு முன்னால் முகமோ உடம்போ நில்லாதபடி ஒருபுறமாக நின்று, கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் மெல்ல இறக்கி, வாயருகே கோலில் ஓர் அடையாளமிட வேண்டும். பிறகு கோலை வெளியே எடுத்து, அவ்வடையாளம் வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோலின் நுனி, தொப்பி மாட்டும் முளை இருக்குமிடம் வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே பழைய மருந்து கிடக்கிறதென்று கொள்ள வேண்டும். பல வருஷம் சுவரில் தொங்கிய துப்பாக்கியிலும் இப்படி மருந்து கிடப்பதுண்டு. அதைத் தாமே தோண்டி எடுக்க முயலாமல், தெரிந்தவரிடம் விஷயத்தைச் சொல்லி ஒப்படைப்பதே தகும்.

மணி குழலில் அமரும் விதம் மூன்று. மரையுள்ள தண்டால் திருகப்படுவது ஒன்று. மரையின்றித் துளையில் இறுக்கிச் செருகப்படுவது ஒன்று. ஈயப் பற்று வைத்து ஒட்டப்படுவது மற்றொன்று. பழைய தண்டு துளைக்குள்ளேயே முறிந்து நின்றால், ஊறும் எண்ணெயை ஓரிரவு விட்டுவைத்து, தலையில் நுண்ணிய வெட்டு ஒன்று கொடுத்து, இடப்பக்கமாகத் திருப்பி எடுப்பார்கள். சுத்தியால் தட்டி எடுக்கக் கூடாது.

மரை விஷயத்தில் அவசரம் பெருந்தீங்கு செய்யும். அமெரிக்கத் துப்பாக்கிகளில் வழக்கமாகக் காண்பவை மூன்று: 3-ஆம் எண் தண்டில் அங்குலத்திற்கு 56 மரை, 5-ஆம் எண்ணில் 40, 6-ஆம் எண்ணில் 48. ஐரோப்பியத் துப்பாக்கிகளில் மில்லிமீட்டர் அளவு மரை இருக்கும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளுக்கு ஒரே அளவென்று நம்பி வாங்குவதற்கில்லை. துளையை அளந்தே மணி தேட வேண்டும். புதிய மணி விரலால் இரண்டு மூன்று சுற்று இலேசாக இறங்க வேண்டும். ஒரு சுற்றிலேயே இறுகினால் அது அத்துளைக்குரிய மணியல்ல. குறட்டால் பிடித்து முறுக்கினால் மரை தேய்ந்து, துளையைப் பெரிதாக்க வேண்டி வரும். மெல்லிய குழலில் அதற்கு இடம் இராது.

தண்டின் நீளத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். இரட்டைக் குழல் துப்பாக்கியில் மணி இரு குழல்களுக்கும் நடுவிலுள்ள மேற்பட்டையில் அமர்கிறது. தண்டு சிறிது நீண்டாலும் அது பட்டைக்கடியில் இரு குழல்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் நின்றுவிடும். பட்டையில்லாத ஒற்றைக் குழல் துப்பாக்கியிலோ, மணிக்கு நேர் கீழே ரவை செல்லும் வழியே இருக்கிறது. தண்டின் நுனி உள்ளே எட்டிப் பார்த்தால் சக்கையும் ரவையும் அதில் மோதும். பன்னிரண்டாம் துவாரத் துப்பாக்கியில் முழு ஒடுக்கம் என்பதே அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்களவுதான். ஆகவே கால் மயிர் கனம் நீட்டினாலும் அற்பமென்று விடுவதற்கில்லை. துப்பாக்கியைத் திரும்ப வாங்கும்போது குழலுக்குள் வெள்ளைத் துணியைச் செலுத்திப் பார்க்க வேண்டும். வாயருகே நூல் சிக்கினால் மணியைக் கழற்றி, தண்டை அராவிக் குறைக்கும்படி கேட்க வேண்டும். துளையில்லாத குழலில் புதிதாகத் துளையிடச் சம்மதிக்கவே கூடாது.

இறங்கிய மணி அசையாதிருக்க, மரையில் ஒரு துளி அரக்குச் சாயமோ, கடையில் விற்கும் மரைப்பசையோ போதும். நெருப்பு வைத்து ஈயம் பற்ற வைப்பதை இரட்டைக் குழலில் அனுமதிக்கலாகாது. மேற்பட்டையும் கீழ்ப்பட்டையும் பழைய துப்பாக்கிகளில் ஈயப் பற்றாலேயே ஒட்டப்பட்டிருக்கின்றன. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 டிகிரி செண்டிகிரேடிலேயே உருகத் தொடங்கும். மணிக்கு வைத்த சூட்டில் பட்டை தளர்ந்தால், மழை நீர் உள்ளே புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் துருப் பிடிக்கும். இதைச் சோதிக்க எளிய வழியுண்டு. கட்டையிலிருந்து குழலைப் பிரித்து, அடிக் கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, விரல் நகத்தால் தட்டினால், பட்டை உறுதியானது கோயில் மணிபோல ஒலிக்கும். தளர்ந்தது ஓட்டைப் பாத்திரம்போலக் கரகரக்கும். கொடுக்குமுன் ஒரு முறையும் வாங்கும்போது ஒரு முறையும் தட்டிக் கேட்பவரை எவரும் ஏமாற்ற இயலாது.

மணியின் அளவைத் தேர்வதில், பெரியதே நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் தவறானது. கண்ணுக்கும் மணிக்கும் தூரம் ஏறக்குறைய 40 அங்குலம். 40 கஜமாகிய 1,440 அங்குலத்தில் இருக்கும் பொருள் அதைப்போல் 36 மடங்கு தொலைவில் உள்ளது. ஆகவே அரைக்கால் அங்குல மணி அங்கே நாலரை அங்குலத்தை மறைக்கும். கால் அங்குல மணி ஒன்பது அங்குலத்தை மறைக்கும். உயரமும் பழைய மணியின் உயரமே இருக்க வேண்டும். உயர்ந்த மணியை வைத்தால் குழல்வாய் தாழ்ந்து, ரவை இலக்குக்குக் கீழே போகும்.

தந்த மணி இருந்த இடத்தில் எலும்பு மணியோ பித்தளை மணியோ வைத்துக்கொள்ளலாம். யானைத் தந்த வியாபாரம் இந்தியாவில் தடுக்கப்பட்டுள்ளது. கழற்றிய பழைய மணி உடைந்ததாயினும், அதைத் தொழிலாளியிடமிருந்து திரும்ப வாங்கிக் காகிதத்தில் மடித்து வைப்பது நல்லது. அடுத்த முறை மரை அளக்க அது உதவும். பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்போர் அசல் உறுப்புகளுக்கு மதிப்புக் கொடுப்பதும் உண்டு. குழலிலுள்ள எண்ணையும் பரிசோதனை முத்திரைகளையும் அரத்தால் தேய்த்து மெருகிட எக்காரணத்தாலும் விடலாகாது. லைசென்ஸில் எழுதியுள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்து வாங்கிக்கொண்டு, முதற் பத்துத் தோட்டாக்கள் சுட்ட பிறகு மணியை விரலால் அசைத்துப் பார்த்து, அசைந்தால் மறுபடி அரக்கு வைக்கச் சொல்ல வேண்டும்.