சதுரக் காசும் சங்கமும்

கேள்வி: பாட்டியின் மைலோ டின்னில் பழைய சதுர ஒரு காசுகள் இருக்கின்றன. சேகரிப்பாளர் சங்கத்தில் சேர்ந்தால் பயன் உண்டா?
– வாசகி, கிள்ளான்

பதில்: உண்டு. ஆனால் முதலில் ஒரு வேண்டுகோள்: புளி போட்டு விளக்கிவிடாதீர்கள்! பளபளக்கும் காசைப் பார்த்தால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். களிம்போடு இருக்கட்டும்.

மன்னர் ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்ததா என்று பாருங்கள். 1939 முதல் 1941 வரையிலானவை சற்றுப் பெரியவை. போர்க்காலத்தில், 1943இல், அளவைக் குறைத்துவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே தெரியும். எலிசபெத் அரசியார் தலை இருந்தால் அது 1956 அல்லது அதற்குப் பிந்தியது. 1962இல் ஒரு காசு வட்டமாகிவிட்டது. நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த ஒரு சென் வந்தது 1967இல். 2008 ஏப்ரலில் கடைக்கணக்கை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கியதோடு ஒரு சென்னின் புழக்கமும் ஓய்ந்தது.

இதையெல்லாம் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் போலியைக் கையில் எடுத்துக் காட்ட ஆள் வேண்டுமே, அதற்குத்தான் சங்கம். கோலாலம்பூரில் மலேசிய நாணயவியல் சங்கம் 1968 முதல் இருக்கிறது. சேருமுன் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சாசானா கிஜாங் அருங்காட்சியகத்தையும், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சந்தையில் விலை மட்டும் கேளுங்கள். டின்னை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

பணக்காரி ஆவீர்களா என்றால், மாட்டீர்கள். சதுரக் காசு கோடிக்கணக்கில் அச்சானது.