வேப்பிலைச் சாற்றைச் சோதிக்குமுன்

அன்புள்ள யாழினிக்கு,

வேப்பிலை, துளசி, மஞ்சள் மூன்றின் சாற்றையும் கலந்து அறிவியல் கண்காட்சிக்கு இயற்கைச் சானிடைசர் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். ‘கிருமியைக் கொல்கிறது’ என்று அட்டையில் எழுதுமுன் மட்டும், எதைச் சோதித்தோம் என்று யோசித்துக்கொள். வழக்கமாக, அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாற்றில் நனைத்த வட்டக் காகிதத்தை அதன்மேல் வைத்து, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு விட்டுவிடுவார்கள். மறுநாள் காகிதத்தைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். அந்த வளையம் பொய்யில்லை. துளசியில் இருக்கும் யூஜெனால் பாக்டீரியாவின் மேல்சவ்வைச் சேதப்படுத்தக்கூடியதுதான். ஆனால் தட்டில் சாற்றுக்குக் கிடைத்தது 18 முதல் 24 மணி நேரம். கையில் கிடைப்பதோ 20, 30 வினாடி. கிருமி செத்ததா, வளர முடியாமல் முடங்கிக் கிடக்கிறதா என்றும் வளையம் சொல்லாது. அதன் அகலத்தை நம்பி வீரியத்தை அளக்கவும் முடியாது. நீரில் கரையும் பொருள் அகாரில் வெகுதூரம் பரவும். மஞ்சளின் குர்குமின் நீரில் கரைவதே அரிது என்பதால் காகிதத்தை விட்டு அதிகம் நகராது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சாற்றை எதில் ஊறவைத்து எடுத்தாய்? எத்தனாலில் என்றால், கிருமியைத் தடுத்தது இலையா, எத்தனாலா? வெறும் எத்தனாலில் நனைத்த காகிதம் ஒன்றையும் அதே தட்டில் வைக்காதவரை இதற்குப் பதில் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை ஒன்றில் 80 சதவீத எத்தனால், 1.45 சதவீத கிளிசரால், 0.125 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, மீதி நீர். கிளிசரால் தோல் வறளாமல் காக்க. பெராக்சைடு பாட்டிலுக்குள் தங்கிவிடும் பாக்டீரிய வித்துகளை ஒழிக்க. கையில் கிருமியைக் கொல்வது எத்தனால். கடையில் வேம்பு, துளசிப் படம் போட்ட சானிடைசர் பாட்டில் கிடைத்தால் திருப்பிப் பார். பின்பக்கப் பொடி எழுத்தில் ஆல்கஹால் அளவு இருக்கக் கூடும். உழைப்பது ஒருவர், பெயர் வாங்குவது இன்னொருவர்!

ஆல்கஹாலே வேண்டாம், நீரில் காய்ச்சி எடுக்கிறேன் என்பாய். இலைச்சாற்றில் சர்க்கரையும் புரதமும் இருக்கும். சில நாளில் பாட்டிலுக்குள்ளேயே கிருமி வளரத் தொடங்கிவிடும். ஆல்கஹால் தோலை வறட்டுகிறதே என்றால், அது நியாயமான குறை. அதற்குச் சோற்றுக்கற்றாழை சேர்க்கலாம், ஆனால் கணக்கோடு. 70 சதவீத ஆல்கஹால் இரண்டு பங்கும் கற்றாழைக் கூழ் ஒரு பங்கும் கலந்தால் ஆல்கஹால் ஏறத்தாழ 47 சதவீதமாக இறங்கிவிடும். குறைந்தது 60 வேண்டும்.

அப்படியானால் மூலிகை மருத்துவமே பொய்யா என்று கேட்கத் தோன்றும். மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். சீனாவில் து யூயூவின் குழு, வெப்பம் அந்தப் பொருளைக் கெடுக்கிறது என்று ஊகித்து, ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்த பிறகே அது சீராக வேலை செய்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடியில் மருந்து இருப்பது ஒன்று. அது சரியான அளவில், சரியான நேரத்துக்குள் கிருமியைச் சென்றடைவது வேறொன்று. இந்த இரண்டாவதைத்தான் உன் சோதனை கேட்க வேண்டும்.

எனவே சோதனையை இப்படி மாற்று. சாற்றில் பாக்டீரியாக் கலவையை விட்டு, சரியாக 30 வினாடியில் ஒரு சொட்டு எடுத்து, நிறைய உப்புநீரில் கலந்து நீர்க்கவிட்டு அகாரில் பரப்பு. வெறும் நீரிலும், சாற்றில் உள்ள அதே அளவு எத்தனால் கலந்த நீரிலும் இதையே செய். மறுநாள் மூன்று தட்டுகளிலும் எழுந்த புள்ளிகளை எண்ணி ஒப்பிடு. இதெல்லாம் ஆசிரியர் முன்னிலையில், பள்ளி ஆய்வகத்தில்தான். மூடிய தட்டைத் திறக்காதே, வீட்டுக்கும் கொண்டுவராதே. எண்ணி முடித்ததும் அவற்றை அழிக்கும் வேலையை ஆசிரியரிடம் விட்டுவிடு.

அன்புடன்,
மாமா