மைனஸ் 30-ல் வேர்க்கக் கூடாது

கேள்வி: ஆறு வருடமாக மினியாபோலிஸில் இருக்கிறேன். வயது 36. கோடையில் காட்டுப் பாதைகளில் 100 கிலோமீட்டர் வரை மவுண்டன் பைக் ஓட்டிப் பழக்கம். அடுத்த குளிர்காலத்தில் ‘ஆரோஹெட் 135’ பந்தயத்தில் ஓட்ட ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? எந்த சைக்கிள், என்ன உடை? மனைவி ரொம்பக் கவலைப்படுகிறார். அவரிடம் என்ன சொல்வது?

பதில்: உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கனடா எல்லையோரம் உள்ள இன்டர்நேஷனல் ஃபால்ஸில் கிளம்பி, டவர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் வெர்மிலியன் ஏரிக்கரையில் முடிகிற 217 கிலோமீட்டர் பாதை, ஆரோஹெட். கெடு 60 மணி நேரம். நடுவில் மூன்று இடங்களில்தான் சூடும் மனித முகமும் கிடைக்கும். பந்தயத்தை நடத்துகிறவர்கள் ஸ்னோமொபைலில் ரோந்து வருவார்கள். ஆனால் கூப்பிட்டதும் வந்து நிற்பார்கள் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. நடுக்காட்டில், நடுராத்திரியில் சைக்கிள் உடைந்தால், உதவி வரும்வரை நாலைந்து மணி நேரம் விரல்கள் மரத்துப்போகாமல் தாக்குப்பிடிக்கத் தெரியுமா? இதை உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே செய்து காட்டுங்கள். நல்ல குளிர் ராத்திரியாகப் பார்த்து, வெளியே பனியில் ஸ்லீப்பிங் பேக்கை விரித்துத் தூங்குங்கள். அடுப்பு மூட்டிப் பனியை உருக்குங்கள். மனைவி ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும். வாயால் சொல்கிற சமாதானத்தைவிட அது அவருக்குத் தைரியம் கொடுக்கும்.

குளிரை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது வேர்வைக்கு. ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதிக்கும்போது உள்சட்டை நனையும். இறக்கத்தில் கால் சும்மா இருக்கும், எதிர்காற்று மட்டும் அடிக்கும். நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். முதல் குளிர்காலத்தில் எனக்கு இதுதான் நேர்ந்தது. தடித்த ஜாக்கெட்டோடு ஒரு மேட்டை வேகமாக ஏறினேன். பத்தே நிமிடத்தில் பல் கிட்டித்தது. பையில் இருந்த காய்ந்த சட்டையை எடுக்க, ஜிப்பைத் திறக்க விரல் மடங்கவில்லை. அன்றிலிருந்து மேடு கண்ணில் பட்டதுமே நின்று ஒரு துணியைக் கழற்றுவேன். இறங்குவதற்கு முன் நின்று போட்டுக்கொள்வேன். நேரம் போகத்தான் செய்யும், போகட்டும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். இந்தப் பாதையின் பின்பாதியில் மேடுகள் அடுத்தடுத்து வரும், ஆகையால் இந்தப் பழக்கம் கைவந்திருக்க வேண்டும்.

கைக்கு, ஹேண்டில்பாரிலேயே மாட்டுகிற பெரிய உறைகள் உண்டு. அதற்குள் மெல்லிய கையுறை போதும். ஷூ ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும். இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாது, எத்தனை சாக்ஸ் போட்டாலும் பிரயோஜனமில்லை. மூக்கோ கன்னமோ வெளுத்து மரத்துப்போனால் பனியைப் போட்டுத் தேய்க்காதீர்கள், தோல் கிழியும். உள்ளங்கையை வைத்து மூடுங்கள்.

சைக்கிளுக்கு வருகிறேன். 1987-ல் அலாஸ்காவில் ‘இடிட்டாபைக்’ என்ற பனிப் பந்தயம் நடந்தபோது சாதாரண மவுண்டன் பைக்கில்தான் போனார்கள். டயர் பனியில் புதைய, பல மைல் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். புதையாமல் இருக்க அகல ரிம் செய்து பார்த்தவர்கள் அவர்களில் சிலர். உங்கள் மினசோட்டாவின் சர்லி கம்பெனி 2005-ல் பக்ஸ்லி என்ற அகல டயர் சைக்கிளைக் கொண்டுவந்த பிறகு, ‘ஃபேட் பைக்’ எவரும் கடையில் வாங்கக்கூடிய வண்டியானது. நான்கு அங்குலத்துக்குக் குறையாத டயர் வாங்குங்கள். காற்றை வெளியே வைத்தே அளக்க வேண்டும். 20 டிகிரி இருக்கும் அறையில் 8 பி.எஸ்.ஐ. அடித்தால், மைனஸ் 30-ல் அது ஏறக்குறைய 4 ஆகிவிடும். குளிரில் காற்று சுருங்குவதால் வரும் வினை. இவ்வளவு குறைந்த காற்றோடு டயர் இறுகிய தடத்தில் மந்தமாக இழுக்கும். புதுப்பனியிலோ அந்த 4-தான் உங்களை மிதக்கவைக்கும்.

பின்சக்கர ஃப்ரீவீலில் சாதாரண கிரீஸ் இருந்தால் கடுங்குளிரில் மெழுகாக இறுகும். உள்ளே இருக்கும் பற்கள் கவ்வாது, பெடல் வெறுமனே சுற்றும். குளிருக்கென்று உள்ள மெல்லிய எண்ணெயை மெக்கானிக்கிடம் சொல்லி முன்கூட்டியே மாற்றுங்கள். இந்தச் சின்ன வேலையை விட்டதால் பந்தயத்தை விட்டவர்கள் உண்டு. விளக்கின் மாற்று பேட்டரி உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும்.

தண்ணீர்ப் பையையும் ஜாக்கெட்டுக்கு உள்ளேயே சுமந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் குழாயில் ஊதி, மிச்சத்தைப் பைக்குள் திருப்பிவிடுங்கள். பாட்டில் என்றால் தலைகீழாக வையுங்கள். பனி மேற்பரப்பில்தான் முதலில் கட்டும், மூடி தப்பிக்கும். சாக்லேட் பார் கல்லாகும், கடித்தால் பல் போகும். வீட்டிலேயே சிறு துண்டுகளாக வெட்டி எடுத்துப்போங்கள். முந்திரி, வேர்க்கடலை எந்தக் குளிரிலும் மெல்லலாம். பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள். நடுங்குவதற்கும் உடம்புக்கு எரிபொருள் வேண்டும்.

நேராக ஆரோஹெட்டுக்குப் போக வேண்டாம். பக்கத்து விஸ்கான்சினில் டஸ்கோபியா பந்தயத்தின் 80 மைல் பிரிவில் முதலில் ஓட்டிப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கண்ணைச் செருகும்போது உங்கள் புத்தி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். பேச்சு குழறினால், பொத்தான் போட வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் போக வேண்டும். ஆரோஹெட்டில் மைனஸ் 29 செல்சியஸ் தாங்குகிற பேக், அடுப்பு, எரிபொருள், கழுத்தில் கயிறு கட்டிய விசில் எல்லாம் கட்டாயம்.

இன்னொன்றும் கட்டாயம். முடிவுக் கோட்டைத் தொட்ட பிறகும் உங்கள் பையில் 3,000 கலோரி உணவு மிச்சம் இருக்க வேண்டும். ஏறக்குறைய அரை கிலோ வேர்க்கடலை வெண்ணெய். கிளம்புவதற்கு முன் அதை உங்கள் மனைவியிடம் எடுத்துக் காட்டுங்கள். சீல் பிரியாமல் அப்படியே அவர் கைக்குத் திரும்பி வர வேண்டும்.