மடிக்கு வந்த மழலை

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை நம் ஆலய அலுவலகத்தில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் பொறுப்பில் அமர்ந்திருந்தேன். இளந்தம்பதியர் இருவர் கைக்குழந்தையுடன் வந்தனர். குழந்தையின் பெயரைக் கேட்டு எழுதிவிட்டு, "நட்சத்திரம் என்னம்மா?" என்றேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். "பிள்ளை எங்ககிட்ட வந்து பத்து நாள்தான் ஆகுது, சார்" என்று அந்தப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அதனாலென்ன, சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்துவிடலாம். கோத்திரம் தெரியாதவர்க்குச் சிவகோத்திரம் இருக்கிறது" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு நான் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் அவர்களிடம் பதில் இல்லை. "பத்திரம் என்ன செய்தீர்கள்?" என்பதே அக்கேள்வி. அவர்களுக்குச் சொன்னதை, இம்மலரின் வாயிலாக எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நம் சமயம் காட்டும் வழி

சரவணப் பொய்கையில் தோன்றிய குழந்தைகளைக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தனர். அதனாலேயே முருகப்பெருமான் கார்த்திகேயன் ஆனார். உழுசாலில் கிடைத்த சீதையை ஜனக மகாராஜா மகளாக ஏற்றார். அவளை உலகம் ஜானகி என்றே அழைக்கிறது. திருவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் கிடைத்த கோதையைப் பெரியாழ்வார் வளர்த்தார். வளர்த்தவர் பெயரால் பிள்ளையைப் போற்றுவது நமக்குப் புதிதன்று. எனவே, "இது யார் பெற்ற பிள்ளையோ?" என்று வாசலில் நின்று முணுமுணுப்பவர்கள் நம் புராணங்களை மறந்தவர்கள்.

தோட்டத்தில் கண்டது

பேராக் தோட்டப்புறங்களில் தமிழ்க் குடும்பங்கள் சீனக் குழந்தைகளை எடுத்து வளர்த்தது முதியவர்கள் பலரும் அறிந்த செய்தி. வறுமையும் ஜப்பானியர் கால அவலமும் அதற்குக் காரணங்கள். ஆண் பிள்ளை வேண்டும் என்ற எண்ணமும், புலி ஆண்டில் பெண் பிறந்தால் ஆகாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டன. அவ்வாறு வந்த பெண் குழந்தைகள் தமிழ் பேசி, பூ வைத்து, பொட்டிட்டு, நம் பிள்ளைகளாகவே வளர்ந்தனர்.

1962 புலி ஆண்டு. அப்போது எனக்கு நான்கு வயது. சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், என் சித்திக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஒருநாள் பால்வெட்டு முடிந்ததும் சித்தப்பா அருகிலிருந்த புதுக்கிராமத்திற்குச் சென்று, இருபது நாள் பெண் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். லயமே கூடி நின்று பார்த்தது. சித்தி ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார். அன்று முதல் அவள் எனக்குத் தங்கை.

அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குழந்தையோடு வந்த பிறப்புப் பத்திரம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. தத்து என்று எங்கும் பதியவில்லை. தங்கைக்கும் யாரும் சொல்லவில்லை.

1974இல் அவளுக்குப் பன்னிரண்டு வயதானது. அடையாள அட்டை எடுக்கச் சித்தியோடு நானும் துணைக்குச் சென்றேன். முகப்பில் இருந்தவர் பத்திரத்தைப் பார்த்து ஒரு சீனப் பெயரை உரக்கப் படித்தார். வேறு யாரையோ அழைக்கிறார் என்று தங்கை திரும்பிப் பார்த்தாள். "நீதான்" என்றார் அவர். பேருந்தில் வீடு திரும்பும் வரை அவள் வாய் திறக்கவில்லை. இரவில் சித்தியிடம், "நான் யாரு பிள்ளைம்மா?" என்று கேட்டாள். "என் பிள்ளைதான் கண்ணு. பெத்தது வேற ஆளு, அவ்வளவுதான்" என்றார் சித்தி. அந்த எளிய பதிலை ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

வேதனை அதோடு முடியவில்லை. சித்தப்பா மறைந்தபோது அவர் சேமநிதிக்கு யாரையும் நியமித்திருக்கவில்லை. கடைசி மூன்று ஆண்டுகள் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் அந்த மகள்தான். தத்தெடுத்ததற்கான ஆணை இல்லாததால் வாரிசுப் பட்டியலில் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. பணம் போனதற்காக அவள் அழவில்லை. "அப்பாவுக்கு நான் மகள் இல்லைன்னு எழுதிட்டாங்களே" என்றுதான் அழுதாள்.

சட்டத்தின் வாசல்

இந்நிலை இன்று எந்தப் பிள்ளைக்கும் வர வேண்டியதில்லை. குழந்தையைப் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டவர், ஒரு வாரத்திற்குள் சமூகநல இலாகாவின் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் கூறுகிறது. பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது அச்சட்டப்படி குற்றம். தரகர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிறப்பைப் பெற்ற தாயின் பெயரில்தான் பதிய வேண்டும். "நாமே பெற்றதாகப் பதிந்துவிடலாம்" என்று யோசனை சொல்வோர் உண்டு. அது பொய்ப் பதிவு, அதுவும் குற்றம். உண்மை வெளிப்படும் நாளில் பிள்ளையின் பத்திரமே கேள்விக்குரியதாகிவிடும்.

தத்தெடுப்புக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டு உள்ளன. முஸ்லிம் அல்லாதவர்க்குரிய தத்தெடுப்புச் சட்டப்படி, முதலில் சமூகநல இலாகாவுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆணை பிறப்பதற்கு முன் குழந்தை தொடர்ந்து குறைந்தது மூன்று மாதம் உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுச் செய்யலாம். குழந்தையின் நலனை ஆராய ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். ஆணை கிடைத்த பின், பெற்றோர் என்ற இடத்தில் உங்கள் பெயருடன் புதிய பிறப்புப் பத்திரம் கிடைக்கும். பெற்ற பிள்ளைக்குள்ள வாரிசுரிமையும் வரும்.

மற்றொன்று தத்துப் பதிவுச் சட்டம். குழந்தை இரண்டு ஆண்டுகள் உங்களிடம் வளர்ந்த பின் தேசியப் பதிவு இலாகாவில் பதிவது. இது எளிது. ஆனால் வாரிசுரிமை தராது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அறியாமல் பலர் பதிவோடு நின்றுவிடுகின்றனர்.

தத்து ஆணை கிடைத்தாலே குடியுரிமையும் வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பெற்றோர் யாரென்று தெரியாமல் கைவிடப்பட்ட ஒரு குழந்தை சட்டப்படி குடியுரிமை உடையதே என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்காக அந்தக் குடும்பம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. ஆகவே, குழந்தை கைக்கு வரும்போதே பெற்ற தாயின் அடையாள விவரங்களைக் கேட்டுப் பெறுங்கள். வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

வீட்டின் வாசல்

முதல் சில வாரங்களுக்கு விருந்தும் கூட்டமும் வேண்டாம். குழந்தை புதிய குரலையும் புதிய மடியையும் பழகும் காலம் அது. பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, தாலாட்டுவது ஆகியவற்றை இயன்றவரை அம்மாவும் அப்பாவுமே செய்யட்டும். பாட்டிமார்கள் அம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்தால் அதுவே பேருதவி. தாய்சேய் நல மருந்தகத்தில் தடுப்பூசிப் பதிவைத் தவறாமல் செய்யுங்கள்.

மூத்த பிள்ளை இருந்தால், குழந்தை வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தொட்டில் சேலையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். உறவினர் நிறத்தைப் பற்றியோ சாயலைப் பற்றியோ பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். கைக்குழந்தைக்குப் புரியாது, ஆனால் பேசிப் பழகிய வாய், பிள்ளைக்குப் புரியும் வயதிலும் பேசும்.

உண்மையைச் சொல்லுங்கள்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றியவன் நான். வீட்டில் மறைத்த செய்தியைப் பள்ளித் திடலில் சக மாணவன் சொல்லக் கேட்டு அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கர்ணனை ராதையும் அதிரதனும் குறைவின்றி வளர்த்தனர். பெற்றவள் யாரென்பதைப் போர் நெருங்கிய வேளையில் அறிந்ததே அவன் துயரம்.

பேச்சு வரும் வயதிலிருந்தே, "நீ இப்படித்தான் எங்களிடம் வந்தாய்" என்பதைக் கதைபோலச் சொல்லி வாருங்கள். கார்த்திகைப் பெண்கள் கதையோடு சேர்த்துச் சொல்லுங்கள். தெரிந்தே வளரும் பிள்ளைக்கு அது அதிர்ச்சியாக இராது.

அந்தத் தம்பதியர் மறுவாரமே சமூகநல இலாகாவுக்குச் சென்றனர். ஒரு வாரக் கெடு கடந்திருந்தாலும், தாமதத்தை மறைக்காமல் சொல்லிவிட்டனர். இவ்வாண்டு நீதிமன்ற ஆணையும் கிடைத்துவிட்டது. புதிய பிறப்புப் பத்திரத்தை முருகன் சந்நிதியில் வைத்துப் பூசை செய்து எடுத்துச் சென்றனர். அன்று உபயத்திற்குப் பொங்கல் பரிமாறியவள் என் தங்கை. குழந்தையை வாங்கி வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள்.

மடிக்கு வந்த மழலைகள் அனைவரும் உரிமையோடும் உண்மையோடும் வளர, எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் புரிவாராக.