மண்தொட்டியும் செடியும்: தோக்கொநாமே ஊர் தரும் பாடம்

அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வீடுதோறும் புகுந்தமையால் மண்பாண்டத் தொழில் நலிவுற்றது என்பதை ஊராட்சி மன்ற உறுப்பினர் அனைவரும் அறிவர். பானைக்குத் தேவை குறைந்தால் குயவரின் சக்கரம் நின்றே தீர வேண்டுமா? இவ்வினாவைப் பன்முறை எதிர்கொண்டு விடை கண்ட ஊர் ஒன்று ஜப்பானில் உள்ளது. அவ்வூரின் பெயர் தோக்கொநாமே.

ஊரின் வரலாறு

ஐச்சி மாநிலத்தில், இசே விரிகுடாவை நோக்கிய கடற்கரையில் அமைந்த இவ்வூர், ஜப்பானின் புகழ்பெற்ற ஆறு பழஞ்சூளை ஊர்களுள் ஒன்றாகும். 12ஆம் நூற்றாண்டிலேயே இங்குப் பெருஞ்சாடிகள் வனையப்பட்டு, கடல் வழியே பிற ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்களுக்கு வடிகால் குழாய்கள் தேவைப்பட்டன. சாடி வனைந்த ஊரார் அதே மண்ணைக்கொண்டு சுட்ட மண்குழாய்கள் செய்யலாயினர். 1878ஆம் ஆண்டில் சீன நாட்டுக் கலைஞர் ஜின் ஷிஹெங் என்பாரை வரவழைத்து, செம்மண் தேநீர்க் கெண்டி செய்யும் முறையையும் கற்றனர்.

பின்னர் சிமெண்டுக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் வந்து மண்குழாயின் இடத்தைப் பிடித்தன. எனினும் ஊரின் தொழில் அழிந்துவிடவில்லை. தேநீர்க் கெண்டியோடு, ‘போன்சாய்’ எனப்படும் குறுமரங்களை வளர்ப்பதற்குரிய தொட்டிகளும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தன. மண் ஒன்றே, பயன் மட்டும் காலத்திற்கேற்ப மாறியது.

தொட்டியின் இலக்கணம்

‘போன்’ என்பது தட்டு. ‘சாய்’ என்பது நடுதல். தொட்டியும் மரமும் சேர்ந்தே ஒரு பொருளாகும் என்பது பெயரிலேயே விளங்கும். எனவே தொட்டி செய்வோர் செடியின் தேவையை அறிந்திருத்தல் வேண்டும். அவர்கள் கைக்கொள்ளும் முறைகள் வருமாறு:

1. அடியில் பெரிய வடிகால் துளைகள் இடப்படும். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

2. தொட்டிக்குச் சிறு கால்கள் அமைக்கப்படும். இதனால் துளை வழியே நீர் தடையின்றி வெளியேறும், காற்றும் உட்செல்லும்.

3. உட்புறத்தில் கண்ணாடி மெருகு பூசுவதில்லை.

4. பைன் முதலிய பசுமை மாறா மரங்களுக்கு மெருகில்லாத மண்ணிறத் தொட்டியும், பூக்கும் மரங்களுக்கும் காய்க்கும் மரங்களுக்கும் மெருகிட்ட வண்ணத் தொட்டியும் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படும்.

5. நமது சாதாரணப் பானைச் சூளையைவிட மிகுந்த வெப்பத்தில் சுடுவதால் தொட்டி கெட்டியாகிப் பனிக்கும் குளிருக்கும் தாங்கும்.

6. செய்தவரின் முத்திரை அடிப்புறத்தில் பதிக்கப்படும். வாங்குவோர் அம்முத்திரையைக் கண்டு தரம் அறிவர்.

போன்சாய் மரம் உருப்பெறப் பல்லாண்டுகள் வேண்டும். ஆயின் ‘குசமோனோ’ என்னும் மற்றொரு வழக்கும் அந்நாட்டில் உண்டு. காட்டுப் புல்லையும் சிறு பூஞ்செடியையும் சிறு தொட்டியில் நட்டு வளர்ப்பதே அது. இதற்கு விலையுயர்ந்த மரம் தேவையில்லை.

சிறு கடையின் சிறப்பு

தோக்கொநாமேயில் பழைய சூளைகளும் பட்டறைகளும் நிறைந்த பகுதியில் நடைபாதை ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. விற்பனைக்கு உதவாத குழாய்களும் சாடிகளும் அங்கே சுவராக அடுக்கப்பட்டுள்ளன. பழைய பட்டறைகள் பல சிறு கடைகளாகியுள்ளன. 1974 வரை எரிந்த பெரிய படிச்சூளையொன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. காண வருவோர் கைவினைப் பொருளைச் செய்த ஊரிலேயே வாங்கிச் செல்கின்றனர்.

நாம் செய்யத்தக்கவை

ஜப்பானிய முறை நம் பகுதிக்கு முற்றிலும் புதியதன்று. அந்நாட்டில் பயின்ற டெபோரா ஸ்மித் அம்மையாரும் ரே மீக்கரும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மண்கலப் பட்டறையை நிறுவினர். அங்குப் பயின்றோர் பலர் பின்னர்த் தனிப் பட்டறைகள் அமைத்தனர்.

நம் ஊர்க் குயவரிடம் கைத்திறன் உண்டு. உழவரிடம் செடி வளர்க்கும் அறிவு உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே சேர்க்கும் சிறு கடை ஒன்றைச் சாலையோரத்தில் அமைத்தல் இயலாத காரியமன்று. வெறுந்தொட்டியைத் தனியேயும் நாற்றைத் தனியேயும் விற்பதைக் காட்டிலும், துளசி, கற்பூரவல்லி, கற்றாழை முதலியவற்றைத் தொட்டியில் நட்டு, வேரூன்றிய பின் விற்றால் இருவர்க்கும் பயன் கிட்டும்.

முதலில் சிறு அளவில் தொடங்குக. ஒவ்வொரு வகையிலும் சில தொட்டிகளை மட்டும் செய்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் செடி வைத்துச் சோதித்துப் பார்க்கவும். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்குமாதலால், வேண்டிய அளவினும் சற்றுப் பெரிதாகவே வனைதல் வேண்டும். விலை கூறும்போது விறகு, மண், நாற்று, உடைந்த தொட்டி, இருவரது கூலி ஆகிய அனைத்தையும் கணக்கிற் கொள்க. இலாபப் பங்கீட்டை முன்கூட்டியே எழுதி வைத்தல் நலம். களிமண் எடுப்பதற்கு உரிய அனுமதி பெற்றுத் தருவதிலும், கடைக்கு இடம் காட்டுவதிலும் ஊராட்சி மன்றம் முன்னின்று உதவலாம்.

தேவை மாறும்போது தொழிலைக் கைவிடாது பொருளை மாற்றிய ஊர் தோக்கொநாமே. சக்கரம் சுழலும் ஊர் ஒவ்வொன்றும் இப்பாடத்தைக் கருத்திற் கொள்ளுமாக.