தளர்த்திக் கட்டுங்கள், குறுக்காகப் படுங்கள்

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோவிலின் குன்றில் நின்றால் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் கருமேனியாற்றுக் கழிமுகம், அதைத் தாண்டிப் பனைகள். அலைச்சறுக்குக்கென்று இந்தக் கரைக்கு வருகிற இளைஞர்களில் சிலர் கூடாரத்துக்குப் பதிலாக ஹேமக் என்னும் தொங்கு படுக்கையைச் சுருட்டிப் பையில் போட்டு வருகிறார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். விடியும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "படம் எடுக்கத்தான் இது சரி, தூங்க ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. மணலும் பூச்சியும் பாம்பும் உள்ள கரையில், தரையைவிட்டு எழும்பிப் படுப்பது எத்தனை நல்ல ஏற்பாடு! அதைக் கெடுப்பவை சில தவறான நம்பிக்கைகள்.

"இறுக்கிக் கட்டினால்தான் முதுகு வளையாது"

எல்லா வலிக்கும் மூலம் இதுதான். துணியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஆள் ஏறியதும் அது நடுவில் தாழத்தான் செய்யும். இறுக்கியதால் துணியின் இரு ஓரங்களும் சுவர்போல எழும்பித் தோள்களை நெருக்கும், புரளவே இடமிருக்காது. வீட்டில் சேலைத்தொட்டில் கட்டும் எந்தத் தாயும் துணியை விறைப்பாக இழுப்பதில்லை. பிள்ளை அமிழ்ந்து படுக்க இடம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பெரியவர்களுக்கும் அதே தளர்வு வேண்டும்.

கட்டும் பட்டை கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 பாகை சரிந்து இறங்கினால் போதும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்துப் பிடியுங்கள்; இரு விரல் நுனிகளையும் இணைக்கும் கோட்டின் சாய்வு ஏறக்குறைய அதுதான். இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் 30 பாகையில் படுத்தால் ஒவ்வொரு பக்கத்துப் பட்டையும் 70 கிலோ இழுவையைத் தாங்கும். அதையே 10 பாகைக்கு இறுக்கினால் இழுவை 200 கிலோவைத் தொடும். 5 பாகையில் 400 கிலோ. நள்ளிரவில் கொக்கி தெறிப்பதும், மெல்லிய சவுக்கு மரம் சாய்வதும் பெரும்பாலும் இந்த இறுக்கத்தால்தான்.

அடுத்து, படுக்கும் விதம். தலை முதல் கால் வரை துணியின் நடுக்கோட்டிலேயே படுத்தால் உடம்பு வில்லாக வளையும். தலையை ஒரு பக்கமும் பாதங்களை எதிர்ப்பக்கமும் நகர்த்திக் குறுக்காகப் படுத்துப் பாருங்கள். துணி விரிந்து கொடுத்து உடம்பு ஏறக்குறைய மட்டமாகிவிடும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கும் அப்போது இடம் கிடைக்கும். கரீபியத் தீவுகளில் கொலம்பஸ் 1492-இல் கண்டதும் இத்தகைய தொங்கு படுக்கையைத்தான். ஐரோப்பியர் அதைத் தங்கள் கப்பல்களுக்குக் கொண்டுபோனார்கள்; இங்கிலாந்துக் கடற்படை 1597-இல் அதை ஏற்றது. ஆனால் போர்க்கப்பலின் அடுக்குகளில் ஒரு மாலுமிக்குக் கிடைத்த அகலம் 14 அங்குலம். அங்கே குறுக்காகப் படுக்க வழியேது? திறந்த கரையில் உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

குறுக்காகப் படுக்கத் துணிக்கு நீளம் வேண்டும்; 11 அடி இருந்தால் வசதி. இரு முனைகளிலும் மரக்குச்சி வைத்து விரித்த ஹேமக் பார்க்கத் தட்டையாக, அழகாக இருக்கும். ஆனால் உடம்பின் எடை மேலே நிற்பதால் கொஞ்சம் புரண்டாலும் ஆளைக் கவிழ்த்துவிடும். குச்சி இல்லாமல் முனைகளைச் சேர்த்துக் கட்டியதே இரவுக்கு ஏற்றது. கால் பக்கத்தைத் தலைப் பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள், உடம்பு சறுக்கிக் கால்மாட்டில் போய்ச் சேராது. முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. ஏறி உட்காரும்போது நாற்காலி உயரத்துக்கு மேல் வேண்டாம். ஆட்டத்தில் தூக்கம் வராது என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: மெல்ல ஆடும் கட்டிலில் தூங்கியவர்களை ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இலும் 2019-இலும் சோதித்தார்கள். தூக்கம் சீக்கிரம் வந்தது, ஆழமாகவும் இருந்தது.

"கரையில் கிடக்கும் கயிறே போதும்"

கரையில் ஒதுங்கும் கயிறு பெரும்பாலும் நைலான் அல்லது பிளாஸ்டிக் இழை. வெயில் தின்ற இழை வெளியே முழுசாகத் தெரியும், எடை ஏறியதும் அறும். புது நைலானும் நனைந்தால் நீளும்; பொழுது விடிவதற்குள் முதுகு மணலைத் தொட்டுவிடும். இரண்டு அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டைதான் சரி. மரப்பட்டையிலும் வெட்டு விழாது.

"இரவில் மரத்தடியில் படுத்தால் மரம் கெட்ட காற்றை விடும்"

இரவில் மரம் கரியமில வாயுவை வெளிவிடுவது உண்மைதான். திறந்த வெளியில் அந்த அளவு காற்றில் கலந்து காணாமல் போகும். அதனால் யாருக்கும் மூச்சு முட்டாது. புளியமரத்தடியில் பேய் அமுக்குவது என்று சொல்லப்படும் அனுபவத்துக்கும் விளக்கம் இருக்கிறது. மூளை விழித்த பிறகும் தசைகள் சற்று நேரம் உறக்கத்தின் கட்டிலேயே இருப்பதுதான் அது. மல்லாந்து படுப்பவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது. ஹேமக்கில் நாம் பெரும்பாலும் மல்லாந்து படுப்பதால், முன்பு அந்த அனுபவம் உள்ளவர்கள் சற்று ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளலாம்.

மரத்தால் வரும் உண்மையான ஆபத்து தலைக்கு மேலே தொங்குகிறது. பனையில் காவோலை காற்றில்லாத இரவிலும் விழும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் தானாகவே உதிரும்; கிலோவுக்கு மேல் எடையுள்ள பழம் அத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே முதலில் அண்ணாந்து பாருங்கள். மட்டையும் குலையும் இறக்கிய பனையா என்று மரத்துக்கு உரியவரிடமே கேளுங்கள். கட்ட அனுமதியும் அப்போதே வாங்கிவிடலாம். செம்மணல் தேரிப் பக்கத்து உடைமரம் வேண்டாம், முள் துணியைக் கிழிக்கும்.

"தூத்துக்குடிச் சீமையில் குளிராவது!"

ஹேமக்கில் குளிர் அடியிலிருந்து வரும். நம் தோலின் சூடு 33 பாகை அளவில் இருக்கும். 25 பாகைக் காற்றும் அடித்துணியை இரவெல்லாம் உரசிக்கொண்டிருந்தால் பின்னிரவில் இடுப்பு சில்லிட்டுப்போகும். மேலே இன்னொரு போர்வை போட்டுப் பயனில்லை; கீழே போட்டதோ உடம்பின் எடையில் நசுங்கி, சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றை இழந்துவிடும். ஒரு போர்வையைத் துணிக்கு அடியில், நசுங்காதபடி தொங்கவிட்டுக் கட்டுங்கள். மார்கழியில் இதன் அருமை தெரியும்.

காற்றின் திசையையும் மாலையில் பார்த்த கணக்கில் விட்டுவிடக்கூடாது. பகலில் கடலிலிருந்து வீசும் காற்று, பருவக்காற்று வலுக்காத நாட்களில், இரவு ஏறியதும் நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும். கடலைப் பார்த்து மறைப்புக் கட்டியவர் முதுகில் காற்றை வாங்குவார்.

"தரையைவிட்டு எழும்பிவிட்டால் எதுவும் கடிக்காது"

பாதி உண்மை. நம் ஊரில் கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவர்களைத்தான். அந்த வகையில் ஹேமக் பெரிய காப்பு. ஆனால் நடுச்சாமத்தில் சிறுநீர் கழிக்க இறங்கும் கால் தரையில்தான் படும். மணற்பாங்கான புதர்க்காடு சுருட்டைவிரியனுக்குப் பிடித்த இடம். செருப்பைப் பட்டையிலேயே மாட்டிவையுங்கள். டார்ச் அடித்துப் பார்த்த பிறகே காலை ஊன்றுங்கள். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் கட்டுப்போடுவதும் வேண்டாம், திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். கொசுவோ அடித்துணி வழியாகவே முதுகைக் குத்தும். கழிமுகம் பக்கத்தில் இருப்பதால் மேலும் கீழும் முழுசாகச் சுற்றும் வலை இல்லாமல் தூங்க முடியாது.

"அலை வந்துபோன தடத்துக்கு மேலே கட்டினால் பத்திரம்"

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் கடல் எப்போதும் இப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் தொலைதூரத் தென்கடலில் எழும் புயலின் அலைகள், இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில், கரையேறி வருவதுண்டு. கேரளத்தில் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6-இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோன நாளிலும் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. கரைக்குப் போகும் முன் அந்த அறிவிப்பைப் பாருங்கள். படகுகள் ஏற்றிவைத்திருக்கும் இடத்துக்கும் பின்னால், மேட்டில் மரம் தேடுங்கள். எச்சரிக்கை வந்து, மீனவர்கள் படகுகளை இன்னும் மேலே இழுத்துக் கட்டுவதைப் பார்த்தீர்களென்றால் அன்றிரவு ஹேமக்கைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம், ஊருக்குள் போய்விடுங்கள்.